காலெட் பிடியும் ஆயுத பூஜைச் சந்தனமும்

“...கைதான் போச்சுன்னு நெனச்சிகினு இருந்தேன், சகல. இப்ப நீ சொல்றத பாத்தா, அந்தச் சந்தனத்த வெச்சதும் இதே கைதானே?”

என் மனைவியின் அக்கா கணவர் இதைச் சொன்னபோது, அண்ணனூரில் என் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் தகரக் கொட்டகையில் இருவரும் நின்றிருந்தோம். அணைத்த பிறகும் கிரைண்டர் கல் சுற்றிக்கொண்டிருந்தது. கடைகிற இரும்பைக் கவ்விச் சுற்றும் லேத் சக்கின் ஒரு தாடையிலிருந்து நான் சுரண்டிய மஞ்சள் பொருக்கு என் விரல் நுனியில் இருந்தது. ஆறுதலாக இருக்கும் என்றுதான் அதை அவரிடம் நீட்டியிருந்தேன்.

இருவருமே ஒருவரையொருவர் சகல என்றுதான் கூப்பிடுவோம். அவர் மூத்தவர் என்பதால் என்னை நீ என்பார், நான் நீங்க என்பேன். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் மில்லிங் கட்டர்களுக்குச் சாணை பிடித்தவர் அவர். மில்லிங் கட்டர் பார்க்கத் துளை போடும் பிட் மாதிரி இருக்கும், நுனியில் நாலு பல். நாலும் ஒரே உயரத்தில் இருந்தால்தான் இரும்பைச் சுத்தமாக வழிக்கும். அதை அவர் வெறுங்கையில் பிடித்துக் கல்லில் காட்டியே தீட்டிவிடுவார். எப்படி என்று கேட்டால், “வகிடு எடுக்கறதுக்கு நீ ஸ்கேலா வெச்சிகினு கீற?” என்பார்.

நான் அதே கம்பெனியில் ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுத்தவன். தொழில் யாரும் சொல்லித்தரவில்லை. கவுண்டரில் நிற்கிறவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருப்பேன், பேச்சோடு கொஞ்சம் லேத்தும் வந்து ஒட்டிக்கொண்டது. பிற்பாடு பழைய லேத் ஒன்றை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தபோது என் மனைவி, “வாடகைக்குக் குடி வெச்சாக்கூட இதவிட கம்மியா எடம் அடைக்கும்” என்றாள். அவள் சொன்னது சரிதான்.

சகலையின் கை நடுங்குவது முதலில் டீ கிளாஸில்தான் தெரிந்தது. டாக்டர் மாத்திரை கொடுத்தார். நடுக்கம் போகப் போகக் கூடத்தான் செய்யும் என்றும் சொல்லிவிட்டார். “மாத்திர சாப்ட்டா அதுக்கும் சேத்து ஆடுது” என்று சகலை சிரித்தார். கம்பெனி அவரை அனுப்பிவிட்டது. அம்பத்தூர் தொழிற்பேட்டையிலேயே சின்னதாக ஒரு பட்டறை வைத்திருந்தவர் மட்டும் மழுங்கின கட்டர்களை அவரிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். திருவேற்காட்டிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வந்து, என் கொட்டகையில்தான் தீட்டுவார். ஒருநாள் அப்படித் தீட்டிக் கொடுத்த ஒரு செட்டும் திரும்பி வந்தது, வெட்டுகிற இரும்பில் கோடு கோடாக இழுக்கிறது என்று.

“சாணையும் இல்லன்னா நான் இன்னா சகல பண்ணுவேன்? ஊட்ல குந்திகினு டீவியத் தீட்டுவனா?”

அன்றைக்குத்தான் காலெட் பிடி செய்ய ஆரம்பித்தேன். காலெட் என்பது நீளவாக்கில் கீறல் விட்ட எஃகுக் குழல். நட்டை முறுக்கினால் கட்டரைச் சுற்றிவரச் சமமாக இறுக்கிக்கொள்ளும். கடையில் கிடைக்கும். அது உட்காரும் பிடியைத்தான் நான் செய்ய வேண்டும்: ஒரு சதுர இரும்புக் கட்டை, நட்டநடுவில் கூம்பாக ஒரு துளை. கல்லுக்கு முன்னால் ஒரு சின்ன மேடை, ஓரத்தில் அணைகொடுக்க ஒரு பட்டை. கட்டையை அணைத்துத் தள்ளினால் ஒரு பல் தீரும், பக்கம் புரட்டி வைத்துத் தள்ளினால் அடுத்த பல். கோணத்தைக் கட்டையே பார்த்துக்கொள்ளும், கைக்குத் தள்ளுகிற வேலை மட்டும்தான். எப்பேர்ப்பட்ட கையாலும் தள்ள முடியும் என்று நினைத்தேன்.

துளை போட்டு முடித்து, கூம்பு கடைவதற்கு முன்னால் ஆயுத பூஜை வந்தது. நான் பொரியும் பூசணிக்காயும் வாங்க ஆவடிக்குப் போயிருந்த நேரத்தில் சகலை வந்து எல்லாவற்றையும் துடைத்து எண்ணெய் போட்டிருந்தார். சக்கிலிருந்து கட்டையையும் கழற்றியிருந்தார்.

“மிஷினுக்கும் ஒரு நாளு வவுறு காலியா இருக்கட்டும் சகல. கம்பெனில அன்னிக்கி சக்குல ஒண்ணும் உட மாட்டோம், தெரியாதா உனக்கு?”

தெரியும். பட்டறை ஜனங்கள் எல்லோரும் அப்படித்தான். லேத்துக்கு, டிரில்லுக்கு, ஸ்விட்ச் போர்டுக்கு, வெளியே நின்ற என் டூவீலருக்கு என்று சந்தனம் வைத்துக்கொண்டே போனவர், கட்டையின் நாலு பக்கத்துக்கும் தனித்தனியாக வைத்தார். நாலு பல்லுக்கும் நாலு பொட்டு. மறுநாள் விஜயதசமி, வேலை தொடங்க நல்ல நாள் என்று அவரே கட்டையைத் திரும்பச் சக்கில் மாட்டி இறுக்கினார். பொட்டைத் துடைத்துவிட்டு மாட்டலாமே என்றேன்.

“சாமிக்கு வெச்சத நாமளா தொடைக்கக் கூடாது, சகல. அது தானா போவணும்.”

பொட்டு தாடைக்கு அடியில் போகாமல் பார்த்துத்தான் மாட்டினேன் என்றார். மயிரிழைக் கோணலையும் முள்ளில் காட்டும் டயல் கேஜை வைத்துப் பார்த்தேன். பக்கத்திலிருக்கும் மின்சார ரயில் கார் ஷெட்டுக்குள் வண்டி நுழையும்போது தரை அதிர்ந்து முள் ஆடும், அதனால் வண்டி போகும் வரை காத்திருந்து பார்த்தேன். துளையின் வாயில் முள் அசையவில்லை. கூம்பைக் கடைந்தேன்.

பிடி தயாரானதும் சகலை பட்டறைக்காரரிடம் போய்க் கெஞ்சி ஒரு செட்டு வாங்கி வந்தார். பட்டறைக்காரர் சொன்னதை அப்படியே அவர் குரலிலேயே சொல்லிக்காட்டினார்: “அண்ணாத்தே, கோச்சிக்காத. இந்த ஒரு செட்டு பாக்கலாம். சனிக்கெழம குட்த்துரு. இதுவும் அப்டியே வந்திச்சின்னா உட்ருவோம்.”

முதல் கட்டரை மாட்டித் தள்ளினார். கை நடுங்கியது, ஆனால் கட்டை பட்டையோடு ஒட்டி வழுக்கிக்கொண்டு போனது. பொறி சீராகப் பறந்தது.

“யோவ் சகல, கை ஆடுது, கட்டர் ஆடல பாரு” என்றார். அவர் அப்படிச் சிரித்து வெகு நாளாகியிருந்தது.

தீட்டிய கட்டரைக் கண்ணாடித் துண்டின் மேல் தலைகீழாக நிறுத்தினோம். ஸ்டூல் போல நாலு பல்லும் பதிந்து நிற்க வேண்டும். நிற்கவில்லை, ஆடியது. இன்னொன்றைத் தீட்டினார், அதுவும் ஆடியது. மூன்றாவதை மிக மெதுவாக, மூச்சுப் பிடித்துத் தள்ளினார். அதுவும் அப்படியே. அவர் வலது கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

எனக்குத் தாங்கவில்லை. மீதியிருந்ததில் ஒன்றை என் கையால் தள்ளிப் பார்த்தேன். என் கை நடுங்காது. அதுவும் ஆடத்தான் செய்தது. பிறகுதான் ஒரு நேரான கம்பியைப் பிடியில் மாட்டி, பக்கம் பக்கமாகப் புரட்டி டயலால் அளந்தேன். வெளியே நீள நீளக் கம்பி சாய்ந்துகொண்டே போனது. வாய் நடுவில்தான் இருந்தது, உள்ளே கூம்பு சாய்வாகப் போயிருந்தது. சக்கிடம் போய் ஒவ்வொரு தாடையாகத் தடவினேன். ஒன்றின் உள்மூலையில் சந்தனம் காய்ந்து கல்லாக ஒட்டியிருந்தது. கட்டை அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்திருக்க, நான் கூம்பு கடைந்திருக்கிறேன்.

“உங்க கை இல்ல சகல. இந்தச் சந்தனம்தான்” என்று ஓடிவந்து சொன்னேன். நல்ல சேதி கொண்டுவருகிறவன் போலத்தான் வந்தேன்.

அதற்குத்தான் அவர் அப்படிக் கேட்டது. இந்தக் கைதானே என்று பாக்கெட்டிலிருந்து எடுத்துக் காட்டினார். அது ஆடிக்கொண்டிருந்தது.

“வேற ஒண்ணு செஞ்சிடலாம், சகல. பட்டறைக்காரர்கிட்ட நான் பேசறேன்.”

“நீ செய்வ. அது வரைக்கும் இந்தக் கை எந்த நெலமைல இருக்குமோ” என்றார். “தீட்டுன கட்டர வேற ஏற்கெனவே கோணலா தேச்சிக் கொறச்சிட்டோம். இன்னாத்த சொல்லி இன்னொரு செட்டு கேப்ப?”

என் மனைவி டீயோடு வாசலில் வந்து நின்றாள். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, கிளாஸ்களை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

சகலை பழந்துணி ஒன்றை எடுத்து மண்ணெண்ணெயில் நனைத்தார். லேத்தின் நெற்றியில் மங்கியிருந்த பொட்டைத் துடைத்தார். அடுத்து டிரில், அடுத்து கிரைண்டர், அடுத்து ஸ்விட்ச் போர்டு. வெளியே போய் என் டூவீலரில் இருந்ததையும் துடைத்துவிட்டு வந்தார். பிறகு சக்குக்கு முன்னால் குனிந்து, அதை இடது கையால் மெல்லச் சுற்றி, நாலு தாடையையும் ஒவ்வொன்றாகத் துடைத்தார்.