விறகு விட்டுப்போன பட்டியல்

சோறு வேக நெருப்பு வேண்டும், நெருப்புக்கு விறகு வேண்டும், அந்த விறகைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்பதெல்லாம் என் முப்பத்தாறாவது வயதில்தான் எனக்கு எட்டியது. அதுவும் மூளை வழியாக எட்டவில்லை, முன்பற்கள் வழியாக எட்டியது. நான் ஒன்றும் படிக்காதவன் இல்லை. மலாக்காவில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாள், அதாவது மேலாளுக்கு அடுத்தபடியாக உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவன். தலைமாட்டில் புத்தகக் கட்டு வைத்துக்கொண்டு தூங்குகிறவன். வட்டியில் கால் காசு பிசகினால் சோறு இறங்காது. ஆனால் அந்தச் சோறு எப்படி வெந்தது என்று பன்னிரண்டு வருடத்தில் ஒருநாளும் கேட்டதில்லை.

கேட்கத் தேவையும் இருக்கவில்லை. நாங்கள் இருந்தது கிட்டங்கியில். நீளமான ஒரு கூடம். ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெட்டி, பெட்டிக்குப் பின்னால் ஒரு பாய் விரிக்கிற இடம். பின்கட்டில் பொதுச் சமையல். அரிசி, எண்ணெய், விறகு எல்லாம் பொதுக் கணக்கில் வரும், தீரும். சாப்பாட்டை நாங்கள் இலையில்தான் முதன்முதலாகச் சந்திப்போம். மனைவிமார் ஊரில். மூன்று வருடத்துக்கு ஒருதரம் கப்பல் ஏறிப்போய் அவர்களைப் பார்த்துவிட்டு, அதற்கு அத்தாட்சியாகப் பிள்ளைகளை விட்டுவிட்டு வருவோம்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போகிற சமயம் அது. வெள்ளைக்காரன் போனபிறகு குடும்பத்தைக் கூப்பிட ஆயிரம் கடுதாசி கேட்பார்கள், இப்போது உள்ளே வந்தால் வந்ததுதான், திரும்பிப் போனால் கதவு சாத்தினதுதான் என்று கிட்டங்கி முழுக்கப் பேச்சு. அந்த வாரம்தான் மனைவியின் கடிதமும் வந்தது. "மகளுக்கு நாலு வயது முடிந்தது. உங்கள் போட்டோவைக் காட்டி, இந்த ஆள் யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறாள். கூப்பிடுகிறீர்களா, இல்லையா? இரண்டில் ஒன்று எழுதவும்."

நான் மேலாளிடம் போய் நின்றேன். அவர் முப்பது வருடமாகக் கிட்டங்கிப் பாயில் படுத்தவர். குடும்பம் என்றால் முதுகில் கட்டிய அம்மிக்கல் என்று நினைப்பவர்.

"எழுதிக் காட்டு," என்றார். "மாசம் என்னென்ன செலவுன்னு ஒவ்வொண்ணா எழுது. மூணு மாசம் பார்ப்பேன். பட்டியலை மீறிக் கடன் வேணும்னு என் முன்னாடி வந்து நின்னியோ, அடுத்த கப்பல்ல ஆச்சியும் பிள்ளையும் நாகப்பட்டினம். சம்மதமா?"

சம்மதம் என்றேன். என் முறை எளிமையானது. என் கைச்செலவுகளை எடுத்து இரண்டரையால் பெருக்கினேன்: நான் ஒன்று, மனைவி ஒன்று, மகள் அரை. சலவை, எண்ணெய், வெற்றிலை, சவர பிளேடு எல்லாவற்றையும் பெருக்கினேன். இப்படியாக என் மனைவிக்கும் நாலு வயது மகளுக்கும் ஒன்றரைப் பங்கு சவர பிளேடு ஒதுக்கியவன் நான். அதோடு வாடகை, அரிசி பருப்பு, பால் டின். கடைசி வரியில் 'எதிர்பாராத செலவு: இல்லை' என்று அழுத்தி எழுதினேன். மேலாள் இரண்டு முறை படித்தார். கூட்டலில் இரண்டு காசு பிழை கண்டுபிடித்து என்னைக் கழுதை என்றார். பிறகு ஒப்பம் வைத்தார்.

மலாக்காவிலேயே காஜா பேராங் பகுதியில் பலகை வீடு ஒன்றில் பாதி கிடைத்தது. வீட்டுக்காரர் மலாக்காச் செட்டி, பல தலைமுறைக்கு முன்பே இங்கு வந்து ஊன்றிவிட்ட வம்சம். நெற்றி நிறைய விபூதி, இடுப்பில் சாரோங், வாயில் மலாய். என் மனைவி ஆசையாக "எந்த ஊருங்க?" என்று கேட்டதற்கு, "சினி லா" என்று தரையைக் காட்டினார். இதே ஊர்தானாம்.

மறுபாதியில் ஆட்டுக்கறிக்காரர். எஸ்டேட்டில் பிறந்து, பசாருக்கு வந்து கத்தி பிடித்தவர். கதவை அடைத்து நிற்கிற உடம்பு. விடிந்தால் பலகைச் சுவருக்கு அந்தப்பக்கம் எலும்பு பிளக்கிற சத்தம் கேட்கும். ஒவ்வொரு வெட்டுக்கும் எங்கள் பக்கத்து டம்ளர்கள் துள்ளும். பசாரில் விற்றது போக மிஞ்சிய தலை, கால்களை வீட்டுக்குக் கொண்டுவந்து கொல்லையில் நெருப்பில் வாட்டி, மயிர் பொசுக்கிச் சுரண்டி விற்பார். சாக்கடையில் ரத்தம் ஓடும், ஈ மொய்க்கும். அவர் மனைவி இரண்டு பால் ஆடுகள் வளர்த்தாள். அவையும் என்றைக்காவது தலைகளாகத் திரும்பி வரும் என்பது அவற்றுக்கே தெரிந்திருந்தது; முட்டாமல் யாரையும் விட்டதில்லை.

வந்த முதல் நாள் மனைவி அரிசியைக் களைந்து வைத்துவிட்டு, "விறகு எங்க?" என்றாள்.

"என்ன விறகு?"

அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. கப்பலில் ஏழு நாள் வாந்தி எடுத்தவள், இந்த ஆளுக்காகவா என்று யோசித்த முகம்.

சீனர் வண்டியில் விற்கிற பாக்காவ் கட்டை வாங்கினேன். சதுப்புநில மரம், நின்று எரியும், விலையும் நின்று எரியும். அந்தக் காசு பட்டியலில் இல்லை. மேலாளிடம் போனால் கப்பல். ஆகவே பட்டியலுக்குள்ளேயே எதையாவது அறுக்க வேண்டும். பிளேடுகளை அறுத்தேன், போதவில்லை. வெற்றிலையை அறுத்தேன், போதவில்லை. இரண்டாம் மாதம் பால் டின்னை அறுத்தேன்.

அன்றைக்கு என் காதை உரசிக்கொண்டு பித்தளைச் செம்பு ஒன்று பறந்தது. பலகையில் குழி விழுந்தது. "பிள்ளைக்குப் பால் இல்லை, ஒங்களுக்குக் கணக்கு மட்டும் நேரா இருக்கணுமோ?" என்று கத்தினாள். நான் கையை ஓங்கினேன். அவள் பின்வாங்கவில்லை, தேங்காய்த் துருவியைத் தூக்கி நடுவில் பிடித்தாள், பல் என் பக்கமாக. என் கை கதவு நிலையில் இறங்கியது. வேண்டுமென்றே குறி தவறினேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் துருவியைப் பார்த்துப் பயந்தேன். மகள் பாயில் உட்கார்ந்து, போட்டோவில் இருந்த ஆளை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பால் நின்றபிறகும் கணக்கு நிற்கவில்லை. கட்டைகள் சீக்கிரம் குறைந்தன. எண்ணினேன். தினமும் இரண்டு அதிகமாகப் போயின. கரியால் ஒவ்வொரு கட்டையிலும் எண் போட்டேன். மூன்று மாதம் முடிகிற ஞாயிற்றுக்கிழமை, மேலாள் மத்தியானம் நேரில் வருவதாகச் சொல்லியிருந்தார். அன்று காலையில் எண்ணியபோது முப்பத்தொன்பது வரைக்கும்தான் இருந்தது. நாற்பதும் நாற்பத்தொன்றும் இல்லை.

கொல்லைக்கு வந்தேன். மயிர் கருகுகிற நாற்றம். ஆட்டுக்கறிக்காரர் மூன்று கல் அடுப்புக்கு முன் குந்தி, ஒரு கையில் சுரண்டுகிற கத்தியுடன், மறுகையால் கொம்பைப் பிடித்து ஒரு தலையை நெருப்பில் திருப்பிக்கொண்டிருந்தார். அடுப்புக்குள் '41' என்று என் கையெழுத்து எரிந்துகொண்டிருந்தது.

"அது என் கட்டை," என்றேன்.

"என்னாண்ணே?"

"நாற்பத்தொண்ணு. நான் போட்ட நம்பர். திருட்டுப் பயலே!"

அவர் நிமிர்ந்தார். "திருடன்னு சொல்லாதீங்கண்ணே. இது பொம்பளைங்க சங்கதி. உள்ள போயி ஆச்சியக் கேளுங்க."

கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. என் மனைவியை ஒரு கறிக்காரன் வம்புக்கு இழுக்கிறானே என்று மட்டும்தான் எனக்குக் கேட்டது. பக்கத்தில் கிடந்த விறகை எடுத்து அவர் கழுத்தடியில் ஓங்கிப் போட்டேன். எலும்பில் பட்ட சத்தம் கேட்டது. பேனா பிடிக்கிற கைக்கு அந்தச் சத்தம் எவ்வளவு இனித்தது என்பதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. இரண்டாவது தரமும் ஓங்கினேன்.

அவர் கத்தியைக் கீழே வைத்தார். அதற்கு நான் ஆயுசு முழுக்கக் கடமைப்பட்டவன். பிறகு கையில் இருந்த ஆட்டுத் தலையை வீசினார். விடவில்லை, கொம்பைப் பிடித்தபடியே வீசினார். அது என் வாயில் வந்து இறங்கியது. இரண்டு பற்கள் நாக்கின் மேல் தனியாகக் கிடந்தன. மறு வீச்சு நெற்றியில். சூட்டில் இளகியிருந்த இன்னொரு கொம்பு கழன்று பறந்தது. நான் சாம்பலில் விழுந்து அவர் கெண்டைக்காலைக் கடித்தேன், மிச்சமிருந்த பற்களால். அவர் உதைத்தார். கயிற்றில் கட்டியிருந்த ஆடு ஒன்று, சந்தர்ப்பத்தை விடாமல், என் விலாவில் ஒரு முட்டு முட்டியது. என் ரத்தம் எது, தலையின் ரத்தம் எது என்று பிரிக்க முடியவில்லை. வீட்டுக்காரர் "சுடா! சுடா!" என்று, போதும் போதும் என்று, கத்திக்கொண்டே ஓடிவந்து ஒரு வாளித் தண்ணீரை எங்கள் மேல் கொட்டினார். நாற்பத்தொன்றும் அணைந்தது.

மனைவி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிவந்தாள். மகளின் மேலுதட்டில் வெள்ளையாக ஒரு கோடு. பால்.

"நான்தான் கொடுத்தேன்," என்றாள் மனைவி. "தெனம் ரெண்டு கட்டை. அவுக ஆட்டுப்பால் தாராக."

ரத்தத்தைத் துப்பிவிட்டு, "ஏண்டி சொல்லலை?" என்றேன்.

"சொன்னா எழுதி, அதையும் அறுத்துருவீகளே."

மத்தியானம் மேலாள் வந்தபோது நான் வாயில் துணி அடைத்துப் பாயில் கிடந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பட்டியலைப் பிரித்தார். "எதிர்பாராத செலவு இல்லைன்னு எழுதியிருக்கே, இந்த வாய்க்கு வைத்தியம் யார் கணக்கு?" என்றார். பிறகு மனைவி இருந்த பக்கம் திரும்பாமல், "அடுத்த கப்பல் எப்பன்னு விசாரிக்கிறேன்," என்றார்.

என் மனைவி மேலாளிடம் கதவுக்குப் பின்னாலிருந்துதான் பேசுவாள். அன்று வெளியே வந்தாள்.

"அண்ணே, அந்தக் காகிதத்துல விறகு எங்க இருக்குன்னு வாசிங்க."

அவர் வாசித்தார். மறுபடி வாசித்தார். விரலை வைத்து மேலிருந்து கீழ் வரைக்கும் வாசித்தார்.

"இல்லையே."

"நீங்க பார்த்துத்தானே ஒப்பம் வச்சீக? ரெண்டு காசு பிழை கண்ணுல பட்டுச்சாம். அடுப்பு எரியணுமேன்னு ரெண்டு ஆம்பளைகள்ல ஒருத்தருக்கும் படலை. இதுக்கு நானும் என் பிள்ளையும் கப்பல் ஏறணுமா?"

சுவருக்கு அந்தப்பக்கம் எலும்பு பிளக்கிற சத்தம் கேட்டது, ஒரு கையால் வெட்டுவதால் கொஞ்சம் மெதுவாக. மேலாள் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பட்டியலின் அடியில் 'விறகு' என்று எழுதினார். எவ்வளவு என்று அவருக்கும் தெரியவில்லை. மனைவியைக் கேட்டு எழுதினார். அதன்கீழ் 'பால்' என்று எழுதினார். என் சம்பளத்தை அந்தத் தொகைக்கு உயர்த்திவிட்டு, "ஆச்சி இருக்கட்டும்," என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

மறுநாள் ஆட்டுக்கறிக்காரர் தோளில் மஞ்சள் பற்றுடன் எங்கள் வாசலுக்கு வந்தார். கையில் ஆட்டுக்கால் சூப்பு. எனக்கு மெல்ல முடியாதென்று அவருக்குத் தெரியும். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. அவர் குனிந்து என் நெற்றியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார், பசாரில் தலை பார்க்கிற மாதிரியே.

"ஒங்களுக்கு ஒண்ணும் ஆவலண்ணே," என்றார். "அந்தத் தலைக்குத்தான் கொம்பு போயி பாதி விலைக்குப் போச்சு."