காதுக்குப் பின்னால் ஒட்டிய பிளாஸ்திரி

துறைமுகத்துக்குப் போகும் சாலையில் கடைசிக் கடை மருந்துக் கடைதான். அதைத் தாண்டினால் சுங்கச் சாவடி, அப்புறம் கப்பல். அதனால் உல்லாசக் கப்பல் ஏறப் போகிறவர்கள் பெட்டியை உருட்டிக்கொண்டு போகும்போது, அந்த இடத்தில் வந்துதான் ஞானோதயம் பெறுவார்கள். "கடல்ல வாந்தி வராம இருக்க ஏதாவது குடுங்க சார்" என்று கண்ணாடி மேஜையில் கையை ஊன்றி நிற்பார்கள்.

தெருவே மெடிக்கல்காரர் என்று கூப்பிடும் அந்த மனிதர் இருபத்தாறு வருஷமாக ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தார்.

"கப்பல் கிளம்பினதுக்கப்புறம் போட்டா பிரயோஜனமே இல்ல. வயிறு புரட்ட ஆரம்பிச்சிட்டா, மாத்திரை உள்ள போன வேகத்துல வெளிய வந்துரும். ஒரு மணி நேரம் முன்னாடியே போட்டுக்கங்க. தூக்கம் வரும். தண்ணி அடிக்கிற எண்ணம் இருந்தா இப்பவே சொல்லிடுங்க, மாத்திரைய உள்ள வச்சிடுறேன்."

இஞ்சி மிட்டாய் கேட்டால் கொடுப்பார். மணிக்கட்டில் மாட்டும் பட்டை கேட்டால், "மனசு தைரியத்துக்கு நல்லது" என்று சொல்லிக் கொடுப்பார். காதுக்குப் பின்னால் ஒட்டும் பிளாஸ்திரியை மட்டும் டாக்டர் சீட்டு இல்லாமல் தொடவே மாட்டார். சீட்டோடு வந்தாலும் விடமாட்டார். அட்டையின் மேல் சிவப்பு மையில் எழுதுவார்: 'தொட்டால் உடனே கையைக் கழுவவும். அந்தக் கையால் கண்ணைத் தொடக் கூடாது.' எழுதியதோடு நிறுத்தினால் அவர் மெடிக்கல்காரர் இல்லையே. வாங்குகிறவர் அதைத் திருப்பிச் சொன்னால்தான் மீதிச் சில்லறை கைக்கு வரும்.

ஒரு தடவை பெரிய உத்தியோகஸ்தர் ஒருவர் அந்தப் பிளாஸ்திரியைத் தொட்ட விரலால் கண்ணைக் கசக்கிவிட்டு, கருமணி ஆந்தைக்கு விரிந்த மாதிரி விரிந்து, பார்வை மங்கி, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தார். மெடிக்கல்காரர் அவரை உட்கார வைத்து விளாசிவிட்டார். "படிச்சவங்கதானே நீங்க? ஒரு தடவ கை கழுவ எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டார். கேட்டதோடு விடாமல் அந்தக் கதையை ஆறு வருஷம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். ஊருக்கு உபதேசம் செய்வதில் அவருக்கு அவ்வளவு சுகம்.

இவ்வளவு பேசுகிற மனிதர் கப்பலில் கால் வைத்ததில்லை. கப்பலை விடுங்கள், பஸ்ஸில் நாலு நிறுத்தம் தாங்கமாட்டார். டீசல் வாடை பட்டாலே முகம் வெளிறிவிடும். மகளுக்கு ஒன்பது வயதில் பள்ளிக்கூடத்தில் பரிசு கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் ஊரின் மறுகோடியில் இருந்தது. எப்படியாவது போயே தீருவது என்று, ஒன்று போட வேண்டிய இடத்தில் இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டார். வாந்தி வரவில்லை. இரண்டாவது வரிசையில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவிட்டார். மகள் கோப்பையோடு நிற்கும் படத்தின் ஓரத்தில் அவர் தூங்குவதும் விழுந்திருக்கிறது. அந்தப் படத்தை அவர் மனைவி கூடத்தில் மாட்டி, வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் விரலால் காட்டுவாள்.

மகள் கப்பல் படிப்பு படித்து முடித்தபோது அணிவகுப்பு நடந்தது. ஆறு மணி நேரப் பயணம். முக்கால் மணி நேரத்திலேயே பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டார். சாலையோரக் கல்லில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எதிர்ப்பக்கம் வந்த லாரியைக்கூடப் பார்க்கப் பிடிக்காமல், பாதித் தூரம் நடந்தே திரும்பினார். மனைவி மட்டும் போய்ப் போனில் படம் பிடித்து வந்தாள். அதில் முக்கால்வாசி அவளுடைய கட்டைவிரல்தான் தெரிந்தது.

"பஸ்ஸுக்கே இந்தப் பாடு படுற மனுஷனுக்கு, மக கப்பல் ஓட்டப் போயிருக்கா பாருங்க. உங்களப் பழிவாங்கத்தான் போயிருக்கா" என்பாள் மனைவி. அவர் சிரிப்பார். ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கும். மகளுடைய நல்ல நாள் ஒன்றைக்கூட அவர் கண்ணால் பார்த்ததில்லை. அதுதான் உண்மை.

மகள் இப்போது ஓர் உல்லாசக் கப்பலில் மூன்றாம் அதிகாரி. அந்தக் கப்பல் இந்த வருஷம் அவர் கடை இருக்கும் துறைமுகத்துக்கே வந்தது. அதிகாரிகளின் பெற்றோரை ஒரு தடவை இலவசமாக அழைத்துப் போகலாம். இரண்டு இரவுப் பயணம். இரண்டாம் நாள் காலை, கேப்டனின் அனுமதியோடு, கப்பலைச் செலுத்தும் அறைக்குள் கால் மணி நேரம் நிற்கலாம். அடுத்த வாரம் அவளை வேறு கப்பலுக்கு, உலகத்தின் வேறு மூலைக்கு மாற்றுகிறார்கள்.

"வாங்கப்பா. கால் மணி நேரம்தான். எட்டுல இருந்து பன்னெண்டு என்னோட டூட்டி. நான் கப்பல் ஓட்டுறத ஒரு தடவ பாத்துடுங்க" என்று போனில் சொன்னாள்.

மெடிக்கல்காரர் தன் கடை மருந்தைத் தானே எடுத்து ஒட்டிக்கொள்ளவில்லை. முறைப்படி டாக்டரிடம் போய் வரிசையில் உட்கார்ந்தார். டாக்டருக்கு ஒரே சிரிப்பு. கண்ணில் அழுத்தம் உண்டா, சிறுநீர் போவதில் சிரமம் உண்டா என்று கேட்டு, இல்லை என்றதும் சீட்டு எழுதினார். "மத்தத நான் சொல்லணுமா, நீங்களே சொல்லிக்கிறீங்களா?" என்றார். மெடிக்கல்காரர் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் ஒப்பித்தார். கையைக் கழுவுவதையும் சேர்த்துத்தான்.

கப்பல் மாலையில் கிளம்பியது. அன்று காலையிலேயே பிளாஸ்திரியை ஒட்டி, சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவியிருந்தார். மனைவிக்கு மாத்திரை நீட்டினார். "எனக்கெதுக்கு? நான் பஸ்ஸுல உக்காந்து பூவே கட்டுவேன்" என்று தள்ளிவிட்டாள்.

அவர்களுடைய அறைக் கட்டிலின் மேல் ஒரு சின்னக் கட்டு இருந்தது. வாந்தி எடுக்கும் காகிதப் பைகள், மொத்தம் பன்னிரண்டு, ரப்பர் போட்டுக் கட்டியிருந்தது. மேலே மகளின் கையெழுத்து: 'அப்பாவுக்கு மட்டும்.' அவள் வேலையில் இருந்தாள், வர முடியவில்லை. மனைவி அதைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

விடிந்ததும் கடல் தன் வேலையைக் காட்டியது. அறை மெல்ல ஒரு பக்கம் சாய்ந்து, யோசித்து, மறுபக்கம் சாய்ந்தது. மெடிக்கல்காரர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. வாய் மட்டும் பஞ்சாக உலர்ந்திருந்தது, அது மருந்தின் குணம். எழுந்து நின்றார். நடந்தார். குனிந்து செருப்பைக்கூட எடுத்துப் பார்த்தார். ஐம்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக ஓர் ஊர்தி அவரைச் சும்மா விட்டிருந்தது.

மனைவியைத்தான் விடவில்லை. பஸ்ஸில் பூக்கட்டும் வீராங்கனை கட்டிலில் துவண்டு கிடந்தாள். மாத்திரை கொடுத்தார். கொடுத்த வேகத்தில் வெளியே வந்தது. இருபத்தாறு வருஷமாகச் சொன்ன பாட்டை அவளிடம் பாட அவருக்கு மனசு வரவில்லை. பை மேல் பையாகப் பிரித்துக் கொடுத்தார், நெற்றியைப் பிடித்துக்கொண்டார், வாயைத் துடைத்துவிட்டார்.

"நான் வரல. நீங்க போங்க. நல்லாப் பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றாள். "இந்தத் தடவ என் முறை. நான் படுக்கிறேன், நீங்க போய்ப் பாருங்க."

ஒன்பது மணிக்குக் குளித்தார். தலை துவட்டும்போது துண்டு பட்டுப் பிளாஸ்திரியின் ஓரம் எழும்பிவிட்டது. அவருக்கு உயிரே போயிற்று. இது விழுந்தால் எல்லாம் போச்சு. விரலை வைத்து அழுத்தினார். மறுபடியும் அழுத்தினார். சுற்றிலும் நீவிவிட்டார். அது ஒட்டிக்கொண்டது. குழாயைத் திறக்கத்தான் போனார்.

"என்னங்க, பை!" என்று மனைவி கத்தினாள்.

ஓடி வந்து மிச்சமிருந்த ஒரே பையை எடுத்தார். அதில் ஏதோ எழுதியிருந்தது. மனைவிக்குக் குப்பைக் கூடையைக் கொடுத்துவிட்டு, பையை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

'அப்பா, இதுதான் கடைசிப் பை. இதுவும் தீந்துட்டா பையில்லாமலே மேல வந்துடுங்க. எம்மேல எடுத்தாலும் பரவாயில்ல. நான் தொடச்சுக்கிறேன்.'

மெடிக்கல்காரர் அழுதுவிட்டார். நின்றபடியே, குழந்தை மாதிரி அழுதார். கண்ணாடியைக் கழற்றி, இரண்டு கண்ணையும் விரலால் அழுத்தி அழுத்தித் துடைத்தார். பையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு மனைவிக்குத் தலையணை சரிசெய்து, தண்ணீரைக் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்து, இஸ்திரி போட்ட சட்டையின் பொத்தான்களைப் போட்டார். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். யானைக்குச் சறுக்கினால் உடனே தெரியும், இவருக்கு ஒரு மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

பத்து மணிக்கு அழைத்துப் போக ஒரு பணியாள் வந்தான். நடைபாதையில் அறை எண்கள் கலங்கித் தெரிந்தன. கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். மறுபடியும் கலங்கல்தான். விளக்குகளைச் சுற்றி மஞ்சள் வட்டம் கட்டியிருந்தது. லிஃப்டுக்குள் நின்றபோது சட்டென்று உறைத்தது. காதுக்குப் பின்னால் விரல் வைத்தது, குழாய், மனைவியின் குரல், பை, கண்.

"தம்பி, ஒரு நிமிஷம், கை கழுவணும்" என்றார்.

கழுவினார். சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினார். கண்ணில் தண்ணீரை அடித்து அடித்துக் கழுவினார். கழுவிப் பயனில்லை என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? உள்ளே போனது போனதுதான். இதற்கு மாற்று மருந்து அவர் கடையில் எந்த அலமாரியிலும் இல்லை. தானாக இறங்கும் வரை காத்திருக்க வேண்டும். கண்ணாடியில் ஒரு முகம் கரைந்து தெரிந்தது. கேட்டாரே அந்த உத்தியோகஸ்தரிடம், படிச்சவங்கதானே நீங்க என்று! அந்த மனிதரைத் தேடிப் பிடித்துக் காலில் விழலாம் போலிருந்தது.

"நேரமாகுது சார்" என்றான் பணியாள்.

கப்பலைச் செலுத்தும் அறையின் கதவு திறந்தது. சுற்றிலும் கண்ணாடி, அதற்கு வெளியே காலை வெயிலில் மொத்தக் கடலும் எரிந்தது. விரிந்துபோன கருமணிக்குள் அத்தனை வெளிச்சமும் ஒரே நேரத்தில் புகுந்தது. ஊசி குத்தியது போலக் கண்ணை மூடித் திறந்தார். வெள்ளை வெளிச்சம், அதற்குள் வெள்ளைச் சட்டை போட்ட மூன்று மங்கல்கள். அவ்வளவுதான். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று சொல்வார்கள். இவருக்குக் கண்ணுக்கு எட்டவில்லை.

வேலை நேரம், அவள் ஓடி வந்து கட்டிக்கொள்ள மாட்டாள், அது அவருக்குத் தெரியும். நாம்தான் கையாட்ட வேண்டும். பார்க்க முடியாதது அவளுக்குத் தெரியக் கூடாது. மூன்று மங்கலில் நடுவில் இருப்பது அவள் உயரம்தான். தோளைக்கூடக் கொஞ்சம் தூக்கினாற்போல், அவள் நிற்கிற மாதிரியே நிற்கிறது. மெடிக்கல்காரர் முகமெல்லாம் சிரிப்பாக அதைப் பார்த்துக் கையை உயர்த்தி ஆட்டினார். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். நெஞ்சில் கை வைத்துத் தலையையும் ஆட்டினார். அந்த மங்கல் கொஞ்சம் தயங்கிவிட்டு, மரியாதைக்குத் திருப்பிக் கையசைத்தது.

இடது பக்கம், எங்கோ ஓரத்திலிருந்து குரல் வந்தது.

"அப்பா, நான் இங்க இருக்கேன்."

அவர் கை ஆட்டினபடியே நின்றுவிட்டது. இன்னொரு குரல், கேப்டனுடையதாக இருக்க வேண்டும், ஏதோ சொன்னது. காலடிச் சத்தம் வந்தது. ஒரு வெள்ளை மங்கல் அவர் முகத்துக்கு மிக அருகில் வந்து நின்றது. பழக்கமான தலையெண்ணெய் வாசம்.

"அப்பா, நிமிருங்க. இங்க பாருங்க." அவர் மோவாயைப் பிடித்துத் திருப்பினாள். கப்பல் அதிகாரிகளுக்கு முதலுதவி கற்றுத் தருகிறார்கள். அவளுக்கு ஒரு நொடி போதும். "பிளாஸ்திரிய தொட்டீங்களா?"

"ஓரம் எழும்பிடுச்சும்மா."

"கையக் கழுவுனீங்களாப்பா?"

எத்தனை ஆயிரம் பேரிடம் அவர் கேட்ட கேள்வி! அவரிடம் யாரும் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

"கழுவத்தான் போனேன். உன் கடைசிப் பையப் படிச்சேன். அழுதுட்டேன்."

அவள் எதையோ எடுத்து அவர் கண்ணாடிக்கு மேலேயே மாட்டினாள், அவளுடைய கறுப்புக் கண்ணாடி. குத்தல் நின்றது. வெள்ளை மங்கல் கறுப்பு மங்கலானது, அவ்வளவுதான்.

"இப்பத் தெரியுதா?"

பொய் சொல்லலாம் என்று நினைத்தார். நடுவில் நின்ற யாரோ ஒருவருக்குக் கட்டைவிரலைக் காட்டிய பிறகு என்ன பொய்யைச் சொல்வது? இல்லை என்று தலையசைத்தார்.

"எவ்வளவு நேரத்துல சரியாகும்?" என்று கேட்டாள். அவரைவிட நன்றாகப் பதில் தெரிந்தவர் அந்தக் கப்பலில் யார் இருக்கிறார்கள்?

"ஒரு நாள் ஆகும்மா. ரெண்டு நாளும் ஆகலாம்."

நாளைக் காலை ஏழு மணிக்குக் கப்பல் கரை சேர்ந்துவிடும். இருவருமே மனசுக்குள் அதைத்தான் நினைத்தார்கள். அவள் அவர் இரண்டு கையையும் எடுத்துத் தன் சட்டைத் தோளில் வைத்தாள். தைத்திருந்த பதவிப் பட்டைகள் விரலுக்குத் தட்டுப்பட்டன. அவர் அவற்றைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"வாந்தி வருதாப்பா?"

"இல்லம்மா" என்றார் அவர். "கொஞ்சங்கூட இல்ல."

கேப்டன் கூப்பிட்டார். அவள் தோள் அவர் கைக்குள்ளிருந்து விலகியது. கொஞ்ச தூரத்தில் ஓர் உத்தரவும், அதை அப்படியே திருப்பிச் சொல்லும் அவளுடைய குரலும் கேட்டன. வீட்டில் அவர் கேட்டறியாத, உறுதியான குரல். கப்பல் மெதுவாகத் திரும்புவது காலுக்குத் தெரிந்தது.

மீதி நேரம் முழுவதும் மெடிக்கல்காரர் நிமிர்ந்து நின்று, அந்தக் குரல் வந்த பக்கமாக முகத்தை வைத்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். இந்தத் தடவையாவது சரியான பக்கம்தான் பார்க்கிறோமா என்று அவருக்குத் தெரியவில்லை.