ஓரகத்தி கூட்டிப்போன தீவு

தேசியப் பூங்காத் தீவுக்குப் படகு கிளம்பும் துறையில் டிக்கெட் கொடுப்பவள் பெரியவள். அந்தத் தீவின் காட்டுப் பாதையில் ஆட்களைக் கூட்டிப்போகும் கைடு சின்னவள். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்ட ஓரகத்திகள். ஒரே வீட்டில்தான் குடித்தனம்.

வேலைக்குச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகியும் பெரியவள் தீவில் கால் வைத்ததில்லை. கூட்டம் இருந்தால் கவுண்டரை விட்டு நகர முடியாது. லீவு நாளில் வீட்டை விட்டு நகர முடியாது. திரும்பி வருகிறவர்களோ முகமெல்லாம் பல்லாக வந்து நின்று சின்னவள் புராணம் பாடுவார்கள். "அவங்க காட்டலேன்னா அந்தப் பச்சைப் பாம்பை இலைன்னு நெனச்சுத் தாண்டிப் போயிருப்போம்."

பெரியவள் சிரித்துத் தலையாட்டுவாள். வயிறு எரியும். வீட்டிலும் மாமனார் சாப்பாட்டில் கை வைத்ததும், "இன்னைக்கு என்னம்மா பாத்தே?" என்று சின்னவளைத்தான் கேட்பார். டிக்கெட் கிழித்தவளிடம் கேட்க என்ன இருக்கிறது?

ஒரு நாள் வெளியூர்த் தம்பதி வந்து, சின்னவள்தான் கூட வர வேண்டும் என்றார்கள். "அவங்க இன்னைக்கு லீவு" என்று பெரியவள் வாய் கூசாமல் சொல்லி, வேறு கைடோடு அனுப்பிவிட்டாள். அவர்கள் தீவில் சின்னவளை நேருக்கு நேர் பார்த்துவிட்டார்கள்.

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே சின்னவள் கேட்டாள். "என்னக்கா, எனக்கே தெரியாம எனக்கு லீவு போட்டுட்டீங்களாமே?"

பெரியவள் மழுப்பப் பார்த்தாள், முடியவில்லை. "ஆமா. எல்லாரும் உன்னையே தூக்கி வச்சு ஆடுறாங்க. கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு."

சின்னவள் மடித்த சட்டையையே உதறி மறுபடி மடித்தாள். கோபம்தான். பிறகு, "நாளன்னிக்கு உங்களுக்கு லீவுதானே? வந்து பாத்துட்டு அப்புறம் வயிறெரியுங்க" என்றாள்.

பெரியவள் போனாள். வேர்கள் காலை இடறின. கணுக்காலில் அட்டை ஏறியது. கூட்டத்தை ஓர் உயர்ந்த மரத்தடியில் நிறுத்தி சின்னவள் மேலே கை காட்டினாள். பொந்தின் வாயைப் பூசி அடைத்துக்கொண்டு உள்ளே அடைகாக்கும் ஒரு பெண் இருவாச்சிப் பறவை. அலகு நுழையும் அளவுக்குத்தான் சந்து. ஆண் பறவை பழம் பழமாகக் கொண்டுவந்து ஊட்டியது.

"மகராசி, குடுத்து வச்சவ" என்றாள் பெரியவள். "எங்க வீட்டுக்காரர் ஒரு டம்ளர் தண்ணி மொண்டு குடுத்ததில்ல."

கூட்டமே சிரித்தது. "நீங்களும் கைடா?" என்று ஒருத்தர் கேட்டார். அந்தக் கேள்வி அவளை விடவில்லை. அடுத்த கைடு பயிற்சிக்குப் பெயர் கொடுத்தாள். பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் சின்னவள்தான் மரம் செடிகளின் பெயர் சொல்லிக்கொடுத்தாள்.

இப்போது இருவரும் கைடுதான். போன வாரம் ஓர் அம்மாள் பெரியவளின் கையைப் பிடித்து, "உங்களை மாதிரி சொல்ல ஆளே இல்ல" என்றாள். பக்கத்தில் நின்ற சின்னவளின் முகம் சுண்டிப்போனது. அது என்ன எரிச்சல் என்று பெரியவளுக்கா தெரியாது? நிஜத்தைச் சொன்னால், கொஞ்சம் இனிக்கவும் செய்தது.