பந்தைத் தொடாத வால்டர் அங்கிள்

வால்டர் அங்கிள் இன்று காலை இறந்துவிட்டார். பிளானோவில் எங்களுக்குப் பக்கத்து வீடு.

தொண்ணூறு வயதைத் தாண்டியவர்... அம்மா சொன்னபடி அங்கிள் என்றே கூப்பிட்டேன். "எனக்குக் கூடப் பிறந்தவங்களே இல்லை, நான் எப்படி அங்கிள்?" என்று சிரிப்பார்.

அந்தக் காலத்தில் காலேஜ் ஃபுட்பால் ஆடியவர். முகத்துக்குக் கம்பி இல்லாத ஹெல்மெட். உடைந்து கோணிய மூக்கு.

நாங்கள் ஈரோட்டிலிருந்து அமெரிக்கா வந்த புதிது. காலால் உதைத்து ஆடும் நம்ம ஊர் ஃபுட்பால் என்று நினைத்து அப்பா ஆர்வமாகக் கேட்டார், "எத்தனை கோல் போட்டீங்க சார்?"

"ஒண்ணுகூட இல்லை. முன்னால வர்றவங்களை முட்டித் தள்ளி, பந்து வச்சிருக்கிறவனுக்கு வழி பண்றதுதான் என் வேலை. பந்து ஒரே தடவை என்கிட்ட வந்துச்சு. எவனோ தவறவிட்டான், நான் அது மேல படுத்துக்கிட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "ஏனுங்க, பந்தையே தொடாம மூக்க ஒடச்சுக்கிட்டாரு பாருங்க, பாவம்!"

காலேஜோடு ஆட்டமும் முடிந்தது. பிறகு பக்கத்து ஊர் ரிச்சர்ட்சனில் டெலிபோன் கம்பெனி வேலை, ரிட்டையர் ஆகும்வரை.

ஆட்டத்தில் வாங்கிய அடியில் ஒரு காது கேட்காது. யார் பேசினாலும் "அகெய்ன்!" என்பார்.

ஸ்கூலில் என் இங்கிலீஷைப் பேசிக்காட்டிச் சிரிப்பார்கள். அங்கிளிடம் எல்லோருமே இரண்டு தடவை சொல்ல வேண்டும், அவர் மகளும்கூட. அதனால் அவரிடம்தான் நிறையப் பேசினேன்...

அந்த மகள் சாயங்காலம் வந்தார். சனிக்கிழமை சர்ச்சில் நடக்கும் இறுதிச் சடங்கில் நான் அங்கிளைப் பற்றிப் பேச வேண்டுமாம்.

"அவ பயந்துக்குவாளுங்க, நான் பேசறேன்" என்றார் அப்பா.

"இல்லப்பா, நானே பேசறேன்." எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. என் ஸ்கூலில் படிப்பவர்களும் வருவார்கள்.

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். போர்வைக்குள் டைப் பண்ணுகிறேன். இந்தத் தமிழ்க் குரூப்பில் அம்மாவைத் தெரிந்த ஆன்ட்டிகளே, ப்ளீஸ், அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். இவ்வளவு பயம் என்று தெரிந்தால் அப்பா என்னைப் பேச விடமாட்டார்.

முதல் வரியையே இன்னும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கவில்லை. அம்மா எழுந்துவிடுவாள்...

யாராவது சிரித்தாலும் நிறுத்த மாட்டேன், அங்கிள்.

போய்ட்டு வாங்க.