லூனாஸிலிருந்து ஜித்ராவுக்குத் தமிழ் எழுத்தை ஏற்றிப் போன வெள்ளிக்கிழமை

நம் கம்ப்யூட்டர் சங்கத்தின் அடுத்த ஆண்டுக் கூட்டமும் ஜித்ராவில்தான் என்று முடிவாகிவிட்டது. போன கூட்டத்துக்கு வேன் ஓட்டிப் போனவன் நான். அதனால் வழி என்ன, செலவு என்ன, எங்கே சாப்பிடலாம், எதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள் என்று நம் லூனாஸ் கிளைக்காரர்கள் கேட்டார்கள். மூன்றாம் வகுப்போடு ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனிடம் வந்து எழுதித் தரச் சொல்கிறார்கள் என்றால், படித்தவர்களுக்கு எவ்வளவு சோம்பல் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக முதலில் கூட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வருடத்துக்கு ஒரு முறை கெடா, பெர்லிஸ் பக்கத்துக் கம்ப்யூட்டர் பைத்தியங்கள் எல்லாரும் ஓரிடத்தில் கூடுவோம். அவரவர் எழுதிய புரோகிராமை அங்கே ஓட்டிக் காட்டலாம். ஓடியதை எல்லாம் ஒரே டிஸ்கில் சேர்த்து, படி எடுத்து, உறுப்பினர் எல்லாருக்கும் அனுப்புவார்கள். அதற்கு ஒரு சட்டம் உண்டு. அன்றைக்கு, எல்லார் கண் முன்னாலும் ஓடினால்தான் டிஸ்கில் இடம். வீட்டில் நன்றாக ஓடியது என்ற கதை எடுபடாது. இந்தச் சட்டத்தைக் கேட்டு வாங்கியதே நம் கிளைதான். யாரோ ஒருவர் ஓடாத புரோகிராமை டிஸ்கில் ஏற்றிவிட்டார் என்று நாம்தான் சத்தம் போட்டோம்.

போன முறை நாங்கள் ஏற்றிப் போனது தமிழ் எழுத்து. செய்தவன் சூசை. பலகை ஆலையில் ஸ்டோர் வேலை பார்க்கும் பையன், முப்பது வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. (பெண் வீட்டார் யாராவது படித்தால் கவனிக்கவும்.) கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு எழுத்தையும் கட்டம் கட்டமாகக் கறுப்படித்து, அதை எண்ணாக மாற்றி, மெஷினுக்குள் ஏற்றினான். நம் கிளைக்கு இருப்பது ஒரே மெஷின். மாதம் ஒரு வீடு என்று சுற்றும். சூசைக்காக எல்லாரும் தங்கள் முறையை விட்டுக் கொடுத்தோம். நோன்புப் பெருநாளில் அவன் வீட்டுக்குப் போன மெஷின் தீபாவளி வரைக்கும் அங்கேயே இருந்தது.

நான் ஏன் விட்டுக் கொடுத்தேன் என்றும் சொல்ல வேண்டும். எனக்கு ஆங்கிலம் தெரியாது. திரையில் அது என்ன கேட்டாலும் குத்துமதிப்பாகக் கீபோர்டில் ஒரு கட்டையைத் தட்டுவேன். பறக்கும் தட்டைச் சுடும் ஆட்டம் மட்டும் ஆடத் தெரியும், அதற்குப் படிப்பு வேண்டியதில்லை. ஒரு ஞாயிறு மத்தியானம் சூசை என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து ஒரு கட்டையைத் தட்டினான். பச்சை எழுத்தில் ‘காளியப்பன் அண்ணே, சாப்பிட்டீங்களா’ என்று வந்தது. நான் எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தேன். “இன்னும் இல்ல தம்பி” என்று திரையைப் பார்த்துப் பதில் சொன்னேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் சூசைக்குச் சிங்கப்பூரில் வேலை. அதற்கு முன் இந்தக் கூட்டம் ஒன்றுதான். இதில் ஓடிவிட்டால் கெடா முழுக்க, மெஷின் வைத்திருக்கும் தமிழர் வீட்டுக்கெல்லாம் தமிழ் எழுத்து போய்ச் சேரும். ஓடாவிட்டால் இல்லை.

கூட்டம் வெள்ளிக்கிழமை. கெடாவில் அன்றைக்குத்தான் பள்ளி விடுமுறை என்பதால் என் ஸ்கூல் வேனும் சும்மா இருந்தது. காலை ஆறு மணிக்குத் தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசலில் வேனை நிறுத்தினேன். புதுச் சாமான் எதுவும் பூசை போடாமல் தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது என்பார் எங்கள் பூசாரி. மோட்டார் சைக்கிள் என்றாலும், மாவு அரைக்கும் மெஷின் என்றாலும் அவரிடம் பொட்டு வாங்கிக்கொண்டுதான் போகும். தமிழ் எழுத்து போகிறது என்றதும் மனிதர் விடியுமுன்பே குளித்துத் தயாராக நின்றார்.

சூசை கத்தோலிக்கன். முதல் நாள் சாயங்காலமே அவர்கள் ஃபாதர் மெஷின் பெட்டிக்கு மேல் கையால் சிலுவை போட்டு ஆசீர்வதித்துவிட்டார். “உனக்குப் பரவாயில்லையா?” என்று கேட்டேன்.

“எந்தச் சாமியா இருந்தா என்னண்ணே, ஓடுனா சரிலா” என்றான்.

நான் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தேன். சூசை வேனுக்குள், மெஷினுக்குத் திரையான டிவிப் பெட்டியைப் போர்வை சுற்றிக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தான். பூசாரி மெஷினுக்கும் டிவிக்கும் பொட்டு வைத்தார். பிறகு தமிழ் எழுத்து இருந்த இரண்டு டிஸ்கையும் தாம்பாளத்தில் வைத்து உள்ளே கொண்டுபோனார். ஒன்று கெட்டால் இன்னொன்று உதவும் என்று சூசை எடுத்து வைத்த சோடி அது. அணைத்தால் மெஷினுக்குள் எதுவும் தங்காது, எல்லாம் அந்த டிஸ்கில்தான். திரும்பி வந்தபோது இரண்டும் காகித உறைக்குள் பத்திரமாக இருந்தன, மேலே ஒரு செவ்வந்திப் பூ. சூசை பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, டிஸ்கை பிஸ்கட் டின்னில் வைத்து மூடினான்.

இனி வழி. லூனாஸிலிருந்து பாடாங் செராய், அங்கிருந்து சுங்கைப் பட்டாணி. ஏழு மணிக்குப் போய்விடலாம். பஸ் நிலையத்துக்குப் பின்னால் தமிழ் முஸ்லிம் மாமாக் கடையில் ரொட்டிச் சானாய், நம் பரோட்டாதான், நாற்பது காசு, குழம்பு தாராளமாக ஊற்றுவார்கள். பிறகு குரூண். இடது பக்கம் ஜெராய் மலை தலையில் மேகத்தைக் கட்டிக்கொண்டு நிற்கும். குரூண் தாண்டியதும் வயல்காடு தொடங்கும், ரோடு நேராக ஓடும், தூக்கம் வரும். எனக்கு வரவில்லை. சூசை விடவில்லை.

“அண்ணே, மெல்ல லா. பள்ளத்துல விட்டுராதீங்க.”

“பிள்ளைத்தாச்சிய ஆஸ்பத்திரிக்கு ஏத்திட்டுப் போனப்பகூட இவ்வளவு மெல்ல ஓட்டல தம்பி. பின்னால மாட்டு வண்டிக்காரன் ஹார்ன் அடிக்கிறான் பாரு.”

“அடிக்கட்டும். நீங்க ரோட்டப் பாருங்க.”

டின்னை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தான். அலோர் ஸ்டார் ஒன்பது மணி, ஜித்ரா ஒன்பதரை. மொத்தம் நூற்றுப் பத்துக் கிலோமீட்டர் சொச்சம். போக வரப் பெட்ரோல் பதினைந்து வெள்ளி ஆனது. நுழைவுக் கட்டணம் ஆளுக்கு இரண்டு வெள்ளி, மத்தியானச் சாப்பாடு அதிலேயே சேர்த்தி.

கூட்டம் நடந்தது கடைத்தெருவில் ஒரு கடைவீட்டு மாடியில். படி செங்குத்து. டிவியைத் தூக்க நல்ல ஆளாகப் பார்த்துக் கூட்டிப் போங்கள். (கிளைத் தலைவர் வேண்டாம், அவர் நடுப்படியில் நின்று அறிவுரை சொல்வார்.) மேலே போனால் கல்யாண வீடு மாதிரி இருந்தது. சங்கத்துக்குத் தலைவர் ஹமிட் என்ற மலாய் வாத்தியார். அவர் ஜாவி எழுத்தை, அரபு எழுத்து மாதிரி இருக்கும் பழைய மலாய் எழுத்தை, ஓட்டிக் காட்டினார். திரையில் வலப் பக்கமிருந்து இடப் பக்கமாக எழுத்து நடந்து போனபோது எல்லாரும் கைதட்டினோம். கங்காரிலிருந்து வந்த லிம், டிவி ரிப்பேர்காரர், சீன எழுத்தைக் கொண்டு வந்திருந்தார். ஒவ்வொரு எழுத்தும் ஒரு வீடு கட்டுவது மாதிரி மெல்ல எழும்பியது. அதற்கும் கைதட்டினோம். அடுத்து நாம் என்று சூசையின் முதுகில் தட்டினேன். அவன் சட்டை நனைந்திருந்தது.

பதினொன்றரைக்கு எங்கள் முறை வந்தது. எல்லாருக்கும் பொதுவாகச் சங்கத்து மெஷின் ஒன்று இருந்தது, அதில்தான் ஓட்டிக் காட்ட வேண்டும். அவரவர் தூக்கி வந்த மெஷின் மத்தியானம் ஆட்டம் ஆடத்தான். சூசை பதற்றத்தில் டிஸ்கைப் பார்க்காமலே உள்ளே விட்டு மூடினான். கிர் கிர் என்றது. பிறகு கொர் கொர் என்றது. அறையில் நல்ல சந்தன வாசனை வந்தது. யாரோ ஊதுபத்தி கொளுத்தியிருக்கிறார்கள், மங்களமாக இருக்கிறது என்று நினைத்தேன். திரையில் ஒரு வரி ஆங்கிலம் வந்து நின்றது.

“என்ன தம்பி எழுதியிருக்கு?”

“படிக்க முடியலையாம்ண்ணே.”

“அப்ப அதுவும் என்னை மாதிரி மூணாங்கிளாஸ்தான்” என்றேன். நம் ஆட்கள் சிரித்தார்கள். சூசை சிரிக்கவில்லை. அவசரமாக இரண்டாவது டிஸ்கை எடுத்துப் போட்டான். மறுபடியும் கொர் கொர், மறுபடியும் அதே வரி. லிம் எழுந்து வந்து மூக்கைச் சுருக்கினார். இனி எதையும் போடாதே என்று மலாயில் சொல்லிவிட்டு, மூடியைத் திருகிக் கழற்றி, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு உள்ளே துடைத்தார். பஞ்சு மஞ்சளும் சிவப்புமாக வந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். டிஸ்க்குக்கு நடுவிலிருந்து கீழே நீளவாக்கில் ஒரு திறப்பு இருக்கும். மெஷின் படிப்பது அந்த வழியாகத்தான், அங்கே விரல்கூடப் படக்கூடாது. முதல் டிஸ்கில் சரியாக அந்த இடத்தில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. அது மெஷினின் படிக்கும் முனையில் ஒட்டிக்கொண்டது. அந்த முனை இரண்டாவது டிஸ்கை வட்டமாகக் கீறிவிட்டது. இரண்டாவதில் பொட்டு இல்லை. முதல் டிஸ்க் படிக்கவில்லை என்றதும் ஒரு நிமிடம் நிறுத்தி, அதை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்திருந்தால், இரண்டாவது பிழைத்திருக்கும். அந்த ஒரு நிமிடத்தைத்தான் நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

தொழுகைக்காகப் பன்னிரண்டரைக்குக் கூட்டத்தைக் கலைத்தார்கள். நாங்கள் கீழே கடை ஓரத்தில் உட்கார்ந்தோம். சூசை கறுப்பு டிஸ்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு சொன்னான்:

“எங்க ஃபாதர் தள்ளி நின்னு காத்துல சிலுவை போட்டாரு. உங்க பூசாரிதான் பாசமா தொட்டுட்டாருண்ணே.”

நான் மேலே போய் அவனுக்கும் சேர்த்துச் சாப்பாடு வாங்கிக்கொண்டு வந்தேன். 

தொழுகை முடிந்து வந்ததும் லிம் இன்னொரு தடவை துடைத்து, முதல் டிஸ்கையும் துடைத்துப் போட்டுப் பார்த்தார். முன்னைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாக ஓடி நின்றுவிட்டது. “ரோசாக்”, கெட்டுப்போய்விட்டது என்று தலையை ஆட்டினார். ஹமிட் வாத்தியார் நல்ல மனிதர். சங்கத்து டிஸ்கில் சேர்ப்பது இன்றோடு முடிகிறது, ஆனாலும் இந்தப் பையனுக்காக ஒரு வாரம் தள்ளிப்போடலாமா என்று கூட்டத்தைக் கேட்டார். சூசையே எழுந்து வேண்டாம் என்றான். சட்டத்தைக் கேட்டு வாங்கியது எங்கள் கிளை, எங்களுக்காக அதை மாற்றினால் நன்றாக இருக்காது என்று மலாயில் சொல்லிவிட்டு உட்கார்ந்தான். ஒரு வாரத்தில் செய்கிற வேலையும் இல்லை அது.

திரும்பும்போது அலோர் ஸ்டாரிலிருந்து மழை. குரூணில் தேநீருக்கு நிறுத்தினேன். சூசை கிளாசைக் கையில் பிடித்தபடியே சொன்னான்: “பூசாரிகிட்ட சொல்லிறாதீங்கண்ணே. ஆசையா வச்சாரு.”

கோயில் வாசலிலேயே காத்திருந்தார் அவர். வேன் நிற்குமுன் ஓடி வந்தார். “ஓடுச்சா தம்பி?”

“ஓடுச்சு சாமி. எல்லாரும் கைதட்டுனாங்க” என்றான் சூசை.

“அதானே! உறையோட வச்சா ஆத்தாளுக்கு எப்படித் தெரியும்னு கழட்டி, நெத்தி மாதிரி இருந்த எடமாப் பார்த்து வச்சேன்லா. மேல இருந்ததுக்கு மட்டுந்தான் சந்தனம் பத்துச்சு. அடுத்த தடவை நிறைய அரைச்சு வைக்கிறேன்.”

சூசை அவர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னான். இந்தத் தாளைப் படிக்கும் யாரும் இதைக் கோயில் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

அதன் பிறகு மெஷின் அடுத்த வீட்டுக்குப் போயிற்று. எல்லாரும் இன்னொரு மாதம் எடுத்துக்கொள் என்றுதான் சொன்னோம். சூசை கேட்கவில்லை. எங்கள் முறையை எல்லாம் தான் தின்றுவிட்டதாகக் கூச்சம் அவனுக்கு. கிறிஸ்துமஸ் கேக்கைக் கொடுத்துவிட்டுச் சிங்கப்பூருக்கு பஸ் ஏறினான். போன மாதம் சங்கத்து டிஸ்க் வந்தது. ஜாவி இருக்கிறது, சீனம் இருக்கிறது, பெருநாள் பாட்டைக் கீச் கீச்சென்று பாடும் புரோகிராம்கூட இருக்கிறது. நான் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள். ஒன்றையும் படிக்க முடியவில்லை, பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி போகிறவர்களுக்கு. வேனுக்கு எத்தனை எலுமிச்சம்பழம் வேண்டுமானாலும் வையுங்கள், மெஷினுக்கு வெளியே பொட்டு வையுங்கள், டிஸ்கை மட்டும் யார் கையிலும் கொடுக்காதீர்கள். இரண்டு படியை ஒரே டின்னில் வைக்காமல், ஒன்றை வீட்டில் விட்டுப் போங்கள். முதல் டிஸ்க் படிக்கவில்லை என்றால், வெட்கத்தில் அவசரப்பட்டு அடுத்ததைப் போடாதீர்கள். மழைக்காலம், அதனால் தார்ப்பாய் எடுத்துக்கொள்ளுங்கள்.

சூசை எழுத்து வரைந்த கட்டத் தாள்கள் எல்லாவற்றையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். இருநூற்றுச் சொச்சம் எழுத்து, எல்லாம் முழுசாக இருக்கிறது. அதை மறுபடி எண்ணாக்கி மெஷினில் ஏற்ற ஆள்தான் இல்லை, எனக்கு அது வராது. யாராவது முன்வந்தால் என் மாத முறையை அப்படியே தருகிறேன். கோலா கெத்திலோ சுங்கைப் பட்டாணியோ, எங்கே இருந்தாலும் தாளையும் மெஷினையும் வேனில் கொண்டுவந்து வீட்டில் இறக்குகிறேன், ஜித்ராவுக்கும் நானே கூட்டிப் போகிறேன். எழுத்து திரையில் மெல்ல மெல்ல வந்தாலும் பரவாயில்லை. நானும் மெல்லத்தான் படிப்பேன்.