துரை கல்லறைக்கு நான் போட்ட படி

ஆனைமலைக்கு மேலே இருக்கும் எங்கள் எஸ்டேட் ஊரை உண்டாக்கியவர் ஒரு வெள்ளைக்காரத் துரை என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். காட்டை வெட்டித் தேயிலை நட்டாராம். ஒற்றை ஆளாக எப்படி வெட்டினார் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

நான் நான்காவது படிக்கும்போது அந்தத் துரையின் பேத்தி சீமையிலிருந்து கல்லறையைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. இடத்தைச் சுத்தம் செய்யும் பொறுப்பு அப்பாவுக்கு. மனிதர் தலைகால் புரியாமல் ஓடினார். கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்தார், படைப்பதற்குச் சுருட்டும் வாங்கிவைத்தார்; துரைக்குச் சுருட்டு வைப்பது ஊர் வழக்கம். ஏறிப்போகும் மேடு மட்டும் ஒரே சேறு. அந்தம்மா வழுக்கி விழுந்தால் என்ன ஆவது என்று அவர் புலம்பியதைக் கேட்டு, உதவி செய்ய நானே கிளம்பிவிட்டேன்.

பக்கத்து உண்ணிச்செடிப் புதருக்குள் அருமையான தட்டைக் கற்கள் அங்கங்கே நட்டபடி நின்றன. பதினோரு கல்லையும் பிடுங்கி உருட்டிவந்து படி போட்டேன். யாரும் கால் இடறக்கூடாதே என்று குழிகளையும் மூடி நன்றாக மிதித்துவிட்டேன். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்வது எனக்கு அப்போதே பிடிக்காது.

வேலை முடிந்து கூடையோடு வந்த அம்மா என் படியைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். காடு வெட்ட மலையேறி வந்து காய்ச்சலில் செத்துப்போனவர்களைப் புதைத்த இடமாம் அது. ஆற்றிலிருந்து ஆளுக்கொரு கல் சுமந்துவந்து நட்டதோடு சரி, பேர் எதுவும் வெட்டவில்லை. அதில் ஒன்று அம்மாவின் பூட்டனுடையது. பொங்கல் முடிந்த மறுநாள் அவள் தனியாகப் போய்வருவது அந்தக் கல்லுக்கு வெற்றிலை வைக்கத்தானாம்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அவளோ என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏங்கண்ணு, எந்தக் கல்லு எங்க நின்னுச்சுன்னு ஞாபகம் இருக்குதா?" என்றாள்.

"எல்லாம் ஒரே மாதிரிதானம்மா இருந்துச்சு" என்றேன்.

விருந்தாளி வரும் நேரமாகிவிட்டது என்று அப்பா கையைப் பிசைந்தார். "அவங்க சேத்துலயே நடந்து வரட்டுங்க" என்று அம்மா படியைப் பெயர்க்கத் தொடங்கினாள். அப்பா ஒருமுறை பாதையை எட்டிப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் குனிந்து ஒரு கல்லைத் தூக்கினார். அழகான படி போயிற்றே என்று நான் அழுதேன். துரையின் பேத்தி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே சேற்றில் ஏறிவந்தார்.

அடுத்த பொங்கலுக்கு அம்மா என்னையும் கூட்டிப்போனாள். புதருக்குள் திரும்ப நட்டிருந்த பதினோரு கல்லுக்கும் வெற்றிலை வைத்து, ஒவ்வொன்றையும் தொட்டுக் கும்பிட்டாள். அடுத்தவர் வீட்டு முன்னோரையும் சேர்த்துக் கும்பிடுகிறாளே, என் அம்மாவுக்குத்தான் எவ்வளவு பெரிய மனசு என்று எனக்கு ஒரே பெருமையாக இருந்தது.