லோரியை மங்கவைத்த கதை

போட்டோ ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் வேலை என்றால், நன்றாக இருக்கிற படத்தை மங்கவைத்து அதற்கு ‘ஃபேட்’ என்று பெயர் வைப்பது. தொண்ணூறுகளில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் அதைச் செய்து கண்ணைக் கெடுத்துக்கொண்டவன் நான். அதே பாவத்தைச் செய்தவர்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

நாலு ஓரம்

கம்ப்யூட்டர் வந்த புதிதில், பெட்டாலிங் ஜெயாவிலிருந்து வந்த ஓர் அங்கிளின் அறுபதாம் கல்யாணப் படத்தை ஆசை ஆசையாக நாலு ஓரமும் ஃபேட் செய்து கொடுத்தேன். மனிதர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். என் மனசு நோகக் கூடாதே என்று ரொம்ப மெதுவாகச் சொன்னார்: “தம்பி, உங்க மெஷின்ல மை முடிஞ்சிபோச்சி போல லா.”

மேகம்

பிறகு மேரு என்கிற ஊரிலிருந்து ஓர் ஆன்டி வந்தார். கல்யாணமான மகள் அடுத்த வாரம் புருஷனோடு ஜொகூருக்குக் குடிபோகிறாள். அவள் அப்பா இறந்துவிட்டார். அப்பாவும் மகளும் சேர்ந்து நிற்கிற படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. மனிதர் லோரி ஓட்டுநர், எப்போதும் லோரியும் வெளியூருமாக இருந்தவர். அவருக்கென்று இருந்த ஒரே படத்திலும் லோரிக் கதவில் முழங்கையை ஊன்றிச் சிரித்துக்கொண்டிருந்தார். மகள் கிளம்புமுன் அவரைக் கல்யாணப் படத்தில் சேர்த்துத் தர வேண்டும், அவ்வளவுதான்.

வழக்கம்போல மார்பளவுக்கு வெட்டி, மேகத்தில் மங்கவைத்து, மகள் தலைக்கு மேலே மிதக்கவிட்டேன். இறந்தவர்களுக்கு எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள். ஆன்டி பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். “இவருக்கு உயரம்னாலே பயம் தம்பி. கீழ எறக்கி என் மக பக்கத்துல நிக்க வை.”

முழங்கை

இறக்கினேன். வந்தது வம்பு! லோரியை மங்கவைத்தால் முழங்கை அந்தரத்தில் தொங்குகிறது. லோரியை விட்டால் மணவறையில் லோரி நிற்கிறது. தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து மேசையில் கலர் திருத்துகிற செல்வி எட்டிப் பார்த்தாள். “லோரி இருந்த எடத்துக்குப் பொண்ண தள்ளுங்கண்ணே” என்றாள். தள்ளினேன். அடேயப்பா, அளவெடுத்தது மாதிரி முழங்கை மகளின் தோளில் உட்கார்ந்தது! செல்வியின் கண்ணுக்கு இன்றைக்கும் நான் கும்பிடு போடுவேன்.

ஜொகூருக்குக் கிளம்புமுன் தாயும் மகளும் வந்தார்கள். மகள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை தானாகப் போய்த் தன் தோளைத் தடவியது. சிரித்தாள், கண்ணீரும் வந்துவிட்டது. “அம்மா, அப்பா லோரி மேலதானே இப்படிச் சாஞ்சி நிப்பாரு! இனி நான்தான் அவரு லோரி.”

எத்தனையோ பேரை மேகத்தில் ஏற்றிவிட்டிருக்கிறேன், ஆனாலும் நான் உருப்படியாக மங்கவைத்தது அந்த ஒரு லோரியைத்தான்.